காகிதத்தில் எழுதிய பதினான்கு

இதை எழுத உட்கார்ந்து எழுந்து போன நாட்களுக்குக் கணக்கில்லை. சாமி முன்னால் விளக்கேற்றி வைத்துவிட்டு நோட்டைத் திறப்பேன், நாலு வரி எழுதுவேன், அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு உலை வைக்கப் போய்விடுவேன். இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நான் எட்டாவது வரை படித்தவள். கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதியதற்கு மேல் பெரிதாக ஒன்றும் எழுதியதில்லை. ஆனால் எழுத வராமல் தயங்கவில்லை. இதில் கெட்டவள் நான்தான், அதனால் தயங்கினேன்.

போன வருஷம் என் அண்ணன் மகள் கோயமுத்தூரிலிருந்து வந்து பத்து நாள் தங்கினாள். மேல்படிப்பு படிக்கிறாள். நாடு முழுக்க வீடு வீடாகப் போய் எடுத்த சுகாதார சர்வேக்களில், பெண்கள் எந்த வயதில் வயதுக்கு வந்தார்கள் என்ற விவரம் எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று தேடுவதுதான் அவள் வேலை.

"ஒரு சர்வேயில கேட்டிருக்காங்க அத்தே, அடுத்ததுல அந்தக் கேள்வியவே காணோம். இருக்கற நம்பரும் நெசமா பொய்யான்னு தெரியலீங்க. உங்க காலத்துல யாராச்சும் வந்து கேட்டாங்களா?" என்றாள்.

"இல்லீயே கண்ணு" என்றேன்.

பொய். கேட்டார்கள். கேட்டவள் பக்கத்தில் நின்று, எங்கள் ஊர்ப் பெண்களின் பதிலையெல்லாம் அவளுக்கு விளங்கும்படி எடுத்துச் சொன்னவளே நான்தான்.

எழுபதுகளின் நடுவில், எமர்ஜென்சி சமயம் அது. பாலக்காட்டு எல்லையில் வடகரப்பதிப் பக்கம் எங்களுக்குக் கடலைக்காயும் சோளமும் விளைகிற மேட்டுக்காடு. வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும், எங்கள் இரண்டு பெண் குழந்தைகளும், மாமியாரும், என் கொழுந்தனும், அவன் கட்டிக்கொண்டு வந்த பெண்ணும். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு சித்திரை மாதக் கடைசியில், குடையும் தோல்பையுமாக ஒரு மலையாளத்துப் பெண் வந்து இறங்கினாள். சர்க்கார் சர்வே என்றாள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று ஊர் ஆண்கள் காட்டுப் பக்கம் போய்விட்டார்கள். அவளுக்கு வேண்டியது ஆண்கள் இல்லை, கல்யாணமான பெண்கள். எங்கள் பேச்சு அவளுக்குப் பாதிதான் புரிந்தது. படித்தவள் என்று என்னைக் காட்டினார்கள். நான் அவளோடு நாலு நாள் சுற்றினேன். எல்லோரும் அவளை டீச்சரம்மா என்றார்கள்.

விதைக்கு வைத்த கடலைக்காயை உரிக்கும் நாட்கள். எங்கள் வாசலிலேயே பத்துப் பதினைந்து பேர் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "சேச்சி, வயசறிச்சது எத்தற வயசிலன்னு சோதிக்கணும்" என்றாள். எந்த வயதில் பெரியமனுஷி ஆனீர்கள் என்று கேட்கிறார்கள் என்று நான் சொன்னதும் ஒரே சிரிப்பு.

"ஏன், சர்க்காருல மறுக்கா சீர் செய்யப் போறாங்களாமா?"

"செஞ்சா நல்லதுதானுங்க. என்ற மாமன் ஒரு அரை பவுனோட நிறுத்திப் போட்டான். மீதிய சர்க்காரு போடட்டும்."

"கெழவி, உனக்குக் குச்சு கட்டோணும்னா பனமரத்தையே வெட்டோணும், அந்த ஒடம்புக்கு."

சிரித்தார்களே தவிர யாருக்கும் பதில் தெரியவில்லை. நாங்கள் வயதை வருஷக் கணக்கில் வைத்துக்கொள்கிற வழக்கமில்லை. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "உன்ற தெரட்டிச் சீர் நடந்தப்போ காட்டுல என்ன வெள்ளாமை? எந்தக் கெணறு வெட்டுனாங்க? யாரு கல்யாணம் நடந்துச்சு?" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டு, அதிலிருந்து வருஷத்தைப் பிடித்து, வயதைச் சொன்னேன். தெரட்டி என்பது பெண் பெரியவளானதை ஊருக்குச் சொல்லும் சீர். தாய்மாமன் பச்சை ஓலை கொண்டுவந்து குச்சு கட்டி, அதில் பெண்ணை உட்கார வைத்து, பந்தி போடுவார்கள். டீச்சரம்மா என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வழியே தப்பு என்று அன்றைக்கு டீச்சரம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பந்தி போட்ட நாளைத்தான் நாங்கள் எல்லோரும் சொன்னோம். ரத்தம் பார்த்த நாள் வேறு. மாமன் வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் மூடி வைப்பார்கள். பெண் ரொம்பச் சின்னவளாக இருந்தால் வெட்கப்பட்டு மூடி வைப்பார்கள். எனக்கு வந்தது பதினொன்றில். என் மாமன் சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் பிழைக்கப் போயிருந்தார். அவர் வந்து குச்சு கட்ட இரண்டு வருஷமாயிற்று. அதுவரை என் அம்மா ஊருக்குத் தெரியாமல் மறைத்து வைத்தாள். அந்த இரண்டு வருஷமும் பாவாடை சட்டையோடு பள்ளிக்கூடம் போனேன். அந்த நாட்களிலேயே மாரியம்மன் கோயிலுக்குள்ளும் போய்க் கும்பிட்டேன். டீச்சரம்மா என் வயதைக் கேட்டபோது பதிமூன்று என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

என் கொழுந்தன் மனைவி அன்றைக்கு வாசலில் இல்லை. மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு கீற்றுச் சாய்ப்பு இறக்கியிருக்கும். மாதத்தில் மூன்று நாள் நாங்கள் அங்கேதான் இருக்க வேண்டும். தனித் தட்டு, தனிச் செம்பு. சோற்றைத் தள்ளி நின்று வைப்பார்கள், தண்ணீரை மேலிருந்து ஊற்றுவார்கள். அவள் ஒவ்வொரு மாதமும் அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் தவறாமல் அங்கே போய் உட்காருவாள்.

"சின்னவ கடியாரமாட்டம் தூரமாகறா பாரு" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். "கரு நிக்கற ஒடம்புன்னா அப்படித்தான் இருக்கோணும். இவளும் இருக்கறாளே, நாள் கெழமை ஒண்ணுமில்லாம. ரெண்டு பொட்டையப் பெத்துப் போட்டதோட செரி." இவள் என்று அவர் சொன்னது என்னை.

டீச்சரம்மாவைச் சாய்ப்புக்குக் கூட்டிப்போனேன். தூரத்திலிருந்தே கேட்கலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. நேராகப் போய், குனிந்து உள்ளே நுழைந்து, சின்னவள் பக்கத்தில் கோணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை வருஷத்தில் அந்த இடத்தில் அவள் பக்கத்தில் ஒரு மனுஷி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கேள்வியைக் கேட்டதும் அவள் டீச்சரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்கு வரவே இல்லீங்" என்றாள்.

நான் இரண்டு கை தூரத்தில் நின்றிருந்தேன். அவள் சொன்னது இதுதான். அவளுக்குப் பதினாலு நடக்கும்போது பன்னிரண்டு வயதுத் தங்கை பெரியவளாகிவிட்டாள். தங்கை உட்கார்ந்து அக்கா உட்காரவில்லை என்றால் ஊர் என்ன பேசும், இரண்டு பேருக்கும் கல்யாணம் நின்றுபோகுமே என்று பயந்து, தங்கையுடையதை மறைத்துவிட்டு, வராதவளுக்கு முதலில் சீர் வைத்துவிட்டாள் அவள் அம்மா. இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டே கல்யாணமும் முடிந்துவிட்டது. வந்த வீட்டில் சந்தேகம் வராமலிருக்க மாதாமாதம் சாய்ப்பில் உட்காருகிறாள்.

டீச்சரம்மா காகிதத்தைப் புரட்டிப் பார்த்தாள். "ரெண்டு கட்டம் மட்டுமே உள்ளு. வயசு எழுதான். வந்நில்லான்னு எழுத ஸ்தலம் இல்லா" என்றாள். வயதை எழுத இரண்டு கட்டம்தான், வரவில்லை என்று எழுத அதில் இடமே இல்லை.

"பதினாலுன்னு எழுதிக்கச் சொல்லுங்கக்கா" என்றாள் அவள் என்னிடம்.

நான் சொன்னேன். டீச்சரம்மா ஒரு கட்டத்தில் ஒன்றும் மறு கட்டத்தில் நாலும் எழுதினாள். பாலக்காட்டில் பெண் டாக்டர் இருக்கிறார், உடனே போய்க் காட்ட வேண்டும், சில சமயம் சின்ன விஷயமாகக்கூட இருக்கும், பயப்படாதே என்று அவளிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

டீச்சரம்மா போனபின் அவள் என்னைக் கும்பிட்டாள். "ரெண்டே மாசம் பொறுத்துக்கங்கக்கா. வெதப்பு முடியட்டும். இன்னைக்கு ராத்திரியே அவர்கிட்டச் சொல்லிப் போடறேன். ரெண்டு பேரும் பாலக்காடு போயிட்டு வந்தர்றோம். அதுவரைக்கும் அத்தைக்குத் தெரிஞ்சா என்னைய வெச்சுக்க மாட்டாங்க. கையடிச்சுச் சத்தியம் பண்ணுங்கக்கா."

"தூரத்துல இருக்கறவளத் தொட்டா நான் தலைக்கு ஊத்தோணும் அம்மிணி" என்றேன்.

அவளுக்குத் தீட்டே இல்லை என்று ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் கேட்டிருந்தேன். இருந்தும் அப்படித்தான் சொன்னேன். அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். நின்ற இடத்திலிருந்தே மாரியம்மன் மேல் சத்தியம் செய்தேன்.

இருபது நாள் காப்பாற்றினேன்.

வைகாசியில் மாரியம்மன் நோம்பி, ஊர்த் திருவிழா. எங்கள் வீட்டிலிருந்து மாவிளக்கு போகவேண்டும். ஏழு வருஷமாக நான்தான் எடுத்தேன். பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்து, நடுவில் குழித்து, நெய்விட்டுத் திரிபோட்டு, தலையில் வைத்துக்கொண்டு ஊர் நடுவே நடந்துபோகும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். மாமியார் ஏசுவதெல்லாம் அந்த ஒரு நாளில் மறந்துபோகும். அந்த வருஷம் நோம்பியன்று காலையில் எனக்குத் தூரமாகிவிட்டது. சாய்ப்பில் போய் உட்கார்ந்தேன்.

எதிரே வாசலில் சின்னவள் மாவிடிப்பது தெரிந்தது. புதுப்புடவை கட்டியிருந்தாள். மாமியார் பக்கத்தில் நின்று ஏலக்காய் எடுத்துக் கொடுத்தபடி, எனக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னார்.

"ஏழு வருஷமா பெரியவ எடுத்து என்னத்தக் கண்டோம்? ரெண்டு பொட்டை. இனி வருஷா வருஷம் நீயே எடு சாமி. ஆத்தா கண்ணத் தொறப்பா. ஆம்பளப் பையனா நிக்கும் பாரு."

அவள் குனிந்த தலை நிமிராமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பயத்தில் வந்தது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தது போலிருந்தது.

"அத்தே" என்று கூப்பிட்டேன். "அந்த மாவிளக்க அவ எடுக்கக் கூடாதுங்க."

"ஏன், நீ வந்து எடுக்கறயா? எந்திரிச்சு வா பாக்கலாம்."

"பொய்யி சொல்றவ கையில ஆத்தாளுக்கு வெளக்குப் போகக் கூடாதுங்க. அவ இந்தச் சாய்ப்புல வந்து உக்கார்றதெல்லாம் வேசம். அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் வந்ததே இல்லை. வேணும்னா கேட்டுப் பாருங்க."

உலக்கை நின்றது. மாமியார் அவள் முகத்தையே பார்த்தார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு போதுமாக இருந்தது.

"மாவ மாட்டுத் தொட்டியில கொட்டு" என்றார்.

அவள் கொட்டினாள். எருமை வந்து தின்றது.

அன்று முழுவதும் அம்மன்தான் என்னைப் பேச வைத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மன் மேல் செய்த சத்தியத்தை உடைத்துவிட்டு அம்மன் பேரையே சொல்லிக்கொண்டேன். எங்கள் வழக்கப்படியே பார்த்தாலும், தீட்டென்று ஒன்று ஒரு நாளும் படாதவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். மாவிளக்குக்கு அவளைவிடச் சுத்தமான தலை ஊரிலேயே கிடையாது. இது எனக்கு உறைக்கப் பல வருஷமாயிற்று.

மூன்றாம் நாள் நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். மாமியார் அவளைக் கூப்பிட்டுச் சாய்ப்பைக் காட்டினார்.

"மாசாமாசம் ஆசையாப் போயி உக்காந்தியல்லொ? இப்பப் போயி உக்காரு. வரட்டும். வந்ததும் துணிய எனக்குக் காட்டீட்டு, தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வா. அதுவரைக்கும் ஊட்டுப் படி மிதிக்காத."

அவள் போய் உட்கார்ந்தாள். மூன்று நாள் ஆயிற்று. பத்து நாள் ஆயிற்று. ஒரு மாதமும் ஆயிற்று. மழை பிடித்து, விதைப்பு நடந்து, முளையும் வந்துவிட்டது. கீற்று ஒழுகினால் பாத்திரத்தை மாற்றி மாற்றி வைப்பாள். காலையில் மாமியார் சாணி அள்ளப் போகும்போது எட்டிப் பார்த்து, "என்ன அம்மிணி, சமாச்சாரம் உண்டா?" என்று கேட்பார். தினமும் ஒரே கேள்வி. பக்கத்துக் காட்டுப் பெண்களும் போகிற போக்கில் அதையே கேட்கப் பழகிக்கொண்டார்கள்.

என் கொழுந்தன் பாலக்காடு போகலாம் என்று ஒரு தடவை வாய் திறந்தான். "போ. பஸ்ஸுல போறவங்க கிட்டயெல்லாம் எதுக்குப் போறோம்னு சொல்லீட்டே போ" என்றார் மாமியார். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான். ஒரு நாள் இளநீர் வெட்டி அவளுக்கு எடுத்துப்போனான். "மலட்டு மாட்டுக்கு எளநி எதுக்குடா?" என்று வாசலில் இருந்தே கேட்டார். களை வெட்டப் போய்க்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவன் பாதி வழியில் இளநீரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினான். அவன் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

சோறு கொண்டுபோனது நான்தான். இரண்டு கை தூரத்தில் வைத்துவிட்டு வருவேன். ஒரு தடவை என் ஐந்து வயது மூத்த மகள் "சித்தீ" என்று ஓடிப்போய் அவள் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். குழந்தையை விளக்குமாற்றால் அடித்து இழுத்து வந்து, கிணற்றடியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன். "சித்தி எப்பம்மா தலைக்கு ஊத்துவாங்க?" என்று நடுங்கிக்கொண்டே கேட்டது.

நாற்பதாவது நாளோ நாற்பத்தொன்றாவது நாளோ அவள் அப்பா வந்தார். மாமியார் சொல்லியனுப்பியிருந்தார். சீராக வந்த பித்தளைப் பாத்திரங்களை வாசலில் எடுத்து வைத்தார்கள். அவள் அப்பா அவற்றைச் சாக்கில் கட்டும்போது அவள் சாய்ப்பிலிருந்து வெளியே வந்தாள். இத்தனை நாள் குனிந்தே இருந்ததால் நிமிர்ந்து நிற்க நேரம் பிடித்தது. என் பக்கம் வந்து, இரண்டு கை தூரத்தில் தானாகவே நின்றுகொண்டாள்.

"காயிதத்துல பதினாலுன்னு தானுங்கக்கா எழுதுனாங்க? அத யாரும் மாத்த மாட்டாங்கல்லொ?"

"மாத்த மாட்டாங்க" என்றேன்.

"அது ஒண்ணு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பாவின் பின்னால் நடந்தாள்.

ஆவணியில் கொழுந்தனுக்கு வேறு பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள். அப்பாவோடு போனவளைச் சாந்தன்பாறைப் பக்கம் ஒரு சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும், ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கிறாள் என்றும் என் மாமன் வந்தபோது சொன்னார். அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லையாம். நன்றாக இருக்கிறாள் என்றார்.

அடுத்த சித்திரையில் அதே டீச்சரம்மா திரும்ப வந்தாள். போன வருஷம் எழுதிய வீடுகளையே மறுபடி பார்த்து, யார் இருக்கிறார்கள், யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் இறந்தார்கள் என்று எழுத வேண்டுமாம். பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தாள். என் பெயருக்கு நான் கை தூக்கினேன். அடுத்து அவள் பெயரை வாசித்தாள். சாய்ப்புப் பக்கம் திரும்பியும் பார்த்தாள். புதிதாக வந்த பெண் கதவோரம் நின்றிருந்தாள்.

மாமியார் காய் உரிப்பதை நிறுத்தாமல் சொன்னார்: "செத்துப் போயிட்டான்னு எழுதிக்கச் சொல்லு."

டீச்சரம்மாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள்.

எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். மாமியார் என்னிடம் அன்பாகப் பேச ஆரம்பித்திருந்த காலம். புளிப்பு கேட்டால் மாங்காய் பறித்துக் கொடுப்பார்.

"மரிச்சுப் போயி" என்றேன்.

"ஐயோ. எங்ஙனெ?"

"காய்ச்சல்."

அவள் பேனாவைத் திறக்கவில்லை. "டாக்டரெக் காணிச்சோ?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் தாளை மடிமேல் வைத்து, அந்தப் பெயரின் மேல் இடமிருந்து வலமாக ஒரு கோடு போட்டாள். கோடு நேராகப் போய், கடைசியில் இருந்த இரண்டு கட்டத்தின் மேலும் விழுந்தது. ஒன்றும் நாலும் கோட்டுக்குக் கீழே தெரிந்தன. யாரும் மாற்றமாட்டார்கள் என்று நான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

அந்த வருஷம் மாவிளக்கை நானே எடுத்தேன். அடுத்து எனக்குப் பையன் பிறந்தான். மாரியம்மன் இந்த நாள் வரைக்கும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. விளக்கேற்றும்போதெல்லாம் எனக்குப் பயம் அதுதான்.

அண்ணன் மகளுக்கு இதை நான் நேரில் சொல்லவில்லை. எழுதிக் கொடுக்கிறேன். கண்ணு, நீ தேடுகிற தாள்களில் எங்கள் ஊர்த் தாளும் எங்காவது கிடக்கலாம். அதில் பதிமூன்று என்று இருப்பது நான், அது பொய். கோடு போட்டுக் கிடக்கிற பதினான்கு அவள், அதுவும் பொய். ஆனால் அந்தக் கோடு அதைவிடப் பெரிய பொய். அவள் சாகவில்லை.

படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். நான் வருந்தி அவளைத் தேடிப் போனேன் என்று சேர்க்காதீர்கள், நான் போகவில்லை. மாமியார் சொல்லித்தான் செய்தேன் என்று குறைக்காதீர்கள். "காய்ச்சல்" என்றது என் வாய். நான் இளநீருக்குச் சிரித்ததை விட்டுவிடாதீர்கள். எழுதியவள் மனசு நோகுமே என்று ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், அடுத்தவர் கையில் கொடுங்கள்.